கராஜ் லிஃப்டில் இழுதட்டுப் போடப் போகிறவர்களுக்கு

வீட்டுக் கராஜில் நாலு கால் கார் லிஃப்ட் வைத்திருப்பவர்கள் கொழும்பில் அதிகம் பேர் இல்லை. அதில் சாமான் வைக்கத் தட்டுப் போட்டவர்களைத் தேடினேன், ஒருவரும் அகப்படவில்லை. எனக்கு யாராவது ஒரு மணி நேரம் இருந்து கதைத்திருந்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் காசும் ஒரு மழைக்காலம் முழுக்க வந்த தலையிடியும் மிஞ்சியிருக்கும். அந்த ஒரு மணி நேரக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில். ஆறு பேர்ச்சஸ் காணி, அதில் வீடு, அதன் பக்கத்தில் ஒரு கார் மட்டும் நிற்கிற கராஜ். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது கையில் இருக்கிற வாகனத்தை விற்கவே எல்லாரும் பயந்தார்கள். அப்பாவின் மொரிஸ் மைனரும் எங்கள் டொயோட்டா அக்வாவும் ஒரே கராஜில் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்க வேண்டும் என்று என் கணவர் ஒரு லிஃப்டை வாங்கிப் பூட்டிவிட்டு, திரும்பக் கட்டாருக்குப் போய்விட்டார். பிறகு அப்பா காலமானார். மொரிஸைத் தம்பி கண்டிக்குக் கொண்டுபோனான். லிஃப்ட் மட்டும் அக்வாவின் தலைக்கு மேல் சும்மா நின்றது.

வீட்டுக்குள்ளோ கால் வைக்க இடமில்லை. அம்மாவின் கொலுப் படிகள், அக்கா ரொறொன்ரோவுக்குப் போகும்போது "அடுத்த வருஷம் வந்து எடுக்கிறேன்" என்று விட்டுப்போன சூட்கேஸ்கள், விசேஷங்களுக்கு எடுக்கிற பிளாஸ்டிக் கதிரைகள், மகனுக்குச் சின்னதாகிப் போன சைக்கிள். சூட்கேஸ்கள் எந்த வருஷமும் போகாது என்பது எனக்குத் தெரியும். லிஃப்டின் அகலம் இரண்டு மீற்றர், நீளம் நாலு மீற்றருக்கு மேல். அதன் மேற்பரப்பை மூடினால் ஒரு சின்ன அறையே கிடைத்துவிடும். தரையில் இறக்கிச் சாமானை அடுக்கலாம், பொத்தானை அழுத்தி மேலே அனுப்பிவிட்டு அடியில் காரை விடலாம்.

லிஃப்டைக் கிட்டத்தில் பார்க்காதவர்களுக்கு: கார்ச் சக்கரம் ஏறுவதற்கு இரண்டு நீளமான இரும்புத் தட்டுகள் இருக்கும், ரன்வே என்பார்கள். ஒவ்வொன்றும் ஓர் அரை மீற்றர் அகலம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மீற்றர் வெறும் இடைவெளி. முன்னும் பின்னும் குறுக்காக ஒவ்வொரு பீம், மூலைக்கு ஒரு கால். ஒரு ரன்வேயின் அடியில் ஒரேயொரு ஹைட்ரோலிக் சிலிண்டர் இருக்கும். அது இழுக்கிற கம்பிக் கயிறுகள் கப்பிகளைச் சுற்றிப்போய் நாலு மூலைகளையும் ஒன்றாகத் தூக்கும். கால்களுக்குள் படிப்படியாகப் பூட்டுகள் உண்டு. வேண்டிய உயரம் வந்ததும் லிஃப்டை அந்தப் பூட்டுகளின் மேல் இருத்த வேண்டும், கயிற்றில் தொங்க விடக்கூடாது. எனக்கு மூட வேண்டியிருந்தது அந்த ஒரு மீற்றர் இடைவெளி. நிரந்தரமாக மூடவும் முடியாது. வருஷத்தில் இரண்டு மூன்று தடவை மெக்கானிக் வந்து அக்வாவை மேலே ஏற்றி அடியில் நின்று வேலை செய்வார், அப்போது நடுப்பகுதி திறந்திருக்க வேண்டும். ஆகவே இழுத்து மூடவும் தள்ளித் திறக்கவும் கூடிய தட்டுகள்.

வெல்டிங் வேலைத்தலம் ஒன்றை ஒரு தெரிந்தவர் காட்டினார். பெயர் வேண்டாம். கேற், கிரில், படிக்கட்டுக் கைபிடி எல்லாம் நன்றாகச் செய்கிறவர்கள், நான் போய்ப் பார்த்தேன். வந்து லிஃப்டைச் சுற்றி நடந்தார்கள். "மூன்று தட்டு, மூன்று தண்டவாளம், யன்னல் மாதிரி ஒன்றுக்குக் கீழே ஒன்று போகும், ஒரு கிழமை வேலை" என்றார்கள். 185,000 ரூபா. முற்பணம் 110,000. முற்பணம் பாதிக்கு மேலே போவது எனக்குப் பிடிக்கவில்லை. இரும்பு விலை ஏறப்போகிறது, இன்றைக்கே வாங்க வேண்டும் என்றார்கள். 2022இல் எல்லாம் ஒரே இரவில் விலையேறியதைப் பார்த்த ஊர் இது, அந்தக் கதையை யாரும் நம்புவார்கள். கொட்டேஷனில் "லிஃப்டில் வெல்டிங் கூடாது, போல்ட் மட்டும்" என்று என் கையாலேயே எழுதி ஒப்பம் வாங்கினேன். லிஃப்டோடு வந்த புத்தகத்தில் அப்படி இருந்தது. இந்த ஒரு வரி பிறகு எனக்குக் கைகொடுத்தது, ஆனால் கயிற்றைக் காப்பாற்றவில்லை.

அவர்கள் அளந்தது லிஃப்ட் மேலே நின்ற நிலையில். குனியத் தேவையில்லை, வசதியாக நின்று அளக்கலாம். லிஃப்டில் ஏதாவது பூட்டப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் நிறுத்திப் பிடிக்க வேண்டும். லிஃப்டை முழுதாக இறக்கி, தரையில் இருத்தி, ரன்வேயின் மேல்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முதலில் அளக்கச் சொல்லுங்கள். எங்களுடையது ஐந்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. கீழ்ப்பக்கமாகத் தட்டும் தண்டவாளமும் போவதற்கு இருக்கிற இடம் மொத்தமும் அவ்வளவுதான். மேல்பக்கமோ, கார் ஏறி நிற்கும்போது அதன் வயிற்றுக்கு அடியில் இருக்கிற இடம். அக்வா ரகக் கார்களுக்கு அது 140 மில்லிமீற்றர், ஐந்தரை அங்குலம். இந்த இரண்டு அளவுக்குள் அடங்காத எந்தத் திட்டமும் படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் உதவாது. ஒன்றுக்குக் கீழே ஒன்றாக மூன்று தட்டு என்றால் ஏழு அங்குலம் வரும். கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை அவர்கள் எடுக்கவில்லை.

அதேபோல இரண்டு ரன்வேக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஓரிடத்தில் அளந்துவிட்டு "ஒரு மீற்றர்" என்று எழுதிக்கொண்டார்கள். பல லிஃப்டுகளில் ஒரு ரன்வேயைக் காரின் அகலத்துக்கு ஏற்றபடி நகர்த்தி வைக்கலாம், அதனால் அது பீமின் மேல் கொஞ்சம் ஆட்டத்தோடுதான் இருக்கும். பிறகு நானே அளந்தபோது முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 11 மில்லிமீற்றர் கூட இருந்தது. லிஃப்ட் ஏறும்போது அந்த வித்தியாசம் மாறவும் செய்தது. ஒரே அகலத்தில் வெட்டிய தட்டு அந்த இடைவெளியில் ஒரு முனையில் ஆடும், மறுமுனையில் இறுகும்.

வேலை நடந்த நாட்களில் நான் பகலில் அலுவலகத்தில். அம்மாதான் வீட்டில். பின்னேரம் வந்து பார்த்தால் தண்டவாளத்தின் முனையில் தடுப்புக் கட்டைகள் ரன்வேயோடு சேர்த்து வெல்ட் அடிக்கப்பட்டிருந்தன. போல்ட் மட்டும் என்று எழுதியது என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சின்ன டெக் தான் மிஸ், ஒன்றும் ஆகாது" என்றார்கள். டெக் என்றால் பொட்டுப் போல வைக்கிற சின்ன வெல்ட். கொஞ்சம் குரலை உயர்த்தினேன். உடனே, "ஐயாவின் நம்பரைத் தாங்க, நாங்கள் அவரோடு கதைக்கிறோம்." கட்டாரில் இருக்கிற மனிதருக்கு என் வீட்டு லிஃப்ட் என்ன தெரியும்? காசு கொடுத்தது நான், ஒப்பம் வைத்தது நான். அன்றைக்கு வந்த கோபம் இப்போதும் முழுக்க ஆறவில்லை. தனியாக நின்று வேலை வாங்குகிற பெண்களுக்கு இது புதிதாக இருக்காது. நான் செய்ததைச் சொல்கிறேன்: நம்பர் கொடுக்கவில்லை. கொட்டேஷனைப் படம் எடுத்து, வெல்ட் அடித்த இடங்களையும் படம் எடுத்து, இரண்டையும் அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது ஒப்பந்தத்துக்கு மாறானது" என்று ஒரு வரி எழுதினேன். சண்டையைவிட அந்த ஒரு வரிக்கு மரியாதை கிடைத்தது.

லிஃப்டில் வெல்டிங் ஏன் ஆகாது என்பதைப் பிறகுதான் ஒழுங்காக விளங்கிக்கொண்டேன். வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். இவர்கள் அதைக் கராஜின் மறுகோடியில், லிஃப்டின் ஒரு காலில் பிடித்திருந்தார்கள். ரன்வேயில் அடிக்கிற கரண்ட் திரும்பிப் போக வழி தேடும்போது கப்பி, கப்பியின் அச்சு, கம்பிக் கயிறு என்று எல்லாவற்றுக்குள்ளாலும் போகும். தொட்டும் தொடாமலும் இருக்கிற இடங்களில் பொறி பறக்கும். கயிறு என்பது மெல்லிய கம்பிகள் பலவற்றை முறுக்கியது. பொறிபட்ட இடத்தில் கம்பிகள் கருகி உடையக்கூடியதாகிவிடும், வெளியே ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரியும்.

தட்டுகள் பூட்டி முடிந்தது என்று சொல்லி லிஃப்டை இறக்கிக் காட்டினார்கள். பாதி வழிவரை வடிவாக வந்தது. கீழே வர வர நடுத்தட்டு மாரிக்காலத்து அலுமாரி லாச்சி மாதிரி இறுகிக் கிறீச்சிட்டது. அப்புறம் தரைக்கு இரண்டு அங்குலம் இருக்கும்போது "டங்" என்று ஒரு சத்தம். மூன்றாவது தண்டவாளம் தரையில் இடித்துவிட்டது. ஒரு பக்கம் அதன்மேல் தாங்கி நிற்க, மற்றப் பக்கம் இன்னும் இறங்கப் பார்த்தது. லிஃப்ட் சரிந்தது, ஒரு மூலையில் கயிறு தொய்ந்து தொங்கியது. கயிறு தொய்ந்தால் தானாகப் பாய்ந்து பிடிக்கிற ஒரு பாதுகாப்புக் கொளுக்கி உண்டு, அது பிடித்துக்கொண்டது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நல்ல வேளை, மேலே காரோ சாமானோ இல்லை. வந்தவர்களில் ஒருவன் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினான். இன்னொருவன் அலவாங்கு எடுத்துவரப் போனான். நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். உங்களுக்கும் இப்படி ஆனால் முதலில் கரண்டை அணையுங்கள். அடியில் ஒருவரையும் போக விடாதீர்கள். அலவாங்கால் நெம்ப விடவே விடாதீர்கள், தொய்ந்த கயிறு கப்பியிலிருந்து கழன்று போய்விடும். லிஃப்டைப் பூட்டித் தந்தவர்களின் டெக்னீஷியன் வரும்வரை அது அப்படியே நிற்கட்டும்.

டெக்னீஷியன் மறுநாள் வந்தார். போத்தல் ஜக்கும் மரக்கட்டைகளும் வைத்து மூலை மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, கயிற்றை இறுக்கி, கொளுக்கியை விடுவித்தார். பார்த்துக்கொண்டிருக்கவே பொறுமை வேண்டும், அவ்வளவு மெதுவான வேலை. பிறகு டோர்ச் அடித்துக் கயிறுகளைப் பார்த்தவர் ஒரு கப்பிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பழந்துணி ஒன்றைக் கயிற்றில் சுற்றி இழுத்தார், துணியில் நூல் கிளம்பியது. உடைந்த கம்பிகளின் முனைகள். வெறும் கையால் ஒருபோதும் தடவக்கூடாது, துணியால்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். கயிறு மாற்றும்வரை லிஃப்டைத் தொடக்கூடாது என்று ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டுப் போனார்.

கயிற்றுத் தொகுதி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். 95,000 ரூபா, பூட்டுகிற கூலியும் அவர் வந்துபோன செலவும் சேர்த்து இன்னும் 50,000 கிட்ட. வரும்வரை இரண்டு மாதத்துக்கு மேல் கராஜ் முடக்கம். அக்வா ஒழுங்கையில் நின்றது. கடற்கரை ஒழுங்கைகளில் காரை வெளியே விட்டால் ஒரு கிழமையிலேயே கண்ணாடியில் உப்புப் படிந்துவிடும். பக்கத்து மாடி வீட்டுக்காரரோடு நிறுத்துமிடத்துக்கு ஒவ்வொரு நாளும் வாக்குவாதம்.

முதல் வேலைத்தலத்தோடு காசு விஷயம் எப்படி முடிந்தது என்றால், மீதி 75,000ஐ நான் கொடுக்கவில்லை. கொடுத்த 110,000 திரும்பி வரவுமில்லை. எழுத்தில் இருந்த அந்த வரியையும் படங்களையும் காட்டியதால் மீதியைக் கேட்டு வருவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அவர்கள் செய்த தட்டுகளைக் கழற்றி நிறை பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பேசியது 40க்கு 40 மில்லிமீற்றர் பொக்ஸ் பார், அதாவது உள்ளே குழலான சதுர இரும்பு, போட்டிருந்தது 25க்கு 25, அதுவும் 1.2 மில்லிமீற்றர் தடிப்பு. மேலே செக்கர் பிளேட், அதாவது வழுக்காமலிருக்க மேடு பதித்த தகடு, மூடியிருந்ததால் கண்ணுக்குப் படவில்லை. என் மச்சான் ஒருவர் கட்டடப் பொறியியலாளர், தொலைபேசியிலேயே கணக்குப் போட்டார். ஒரு மீற்றர் இடைவெளியில் அந்த மெல்லிய பார் ஒன்றின் நடுவில் 100 கிலோ பாரம் வந்தால் 9 மில்லிமீற்றருக்கு மேல் தொய்யும், சாதாரண இரும்பு திரும்ப நிமிராத எல்லையையும் தாண்டிவிடும். அதே பாரத்துக்கு 40க்கு 40, 2 மில்லிமீற்றர் தடிப்பென்றால் ஒன்றரை மில்லிமீற்றர்தான் தொய்யும், பாரத்தை எடுத்தால் நிமிர்ந்துவிடும். லிஃப்ட் 3.6 டன் தூக்கும் என்று காலில் எழுதியிருப்பது ரன்வேயில் நிற்கிற காருக்கு. நடுத்தட்டு எவ்வளவு தாங்கும் என்பது அந்த பாரும் அது இருக்கிற விளிம்பும் சொல்வதுதான். இரும்பு வந்திறங்கும்போது, வெட்டுவதற்கு முன்பே, ஒரு வேர்னியர் வைத்துத் தடிப்பை அளந்து பாருங்கள். கடைப் பற்றுச்சீட்டையும் கேளுங்கள்.

இரண்டாவதாக இந்த வேலைக்கு வந்தவர் தெமட்டகொடையைச் சேர்ந்த ஒரு நானா, மூத்த முஸ்லிம் ஆண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். எழுபதை நெருங்குகிற வயது. வந்தவுடன் ஒன்றும் அளக்கவில்லை. ஒரு கதிரை கேட்டு உட்கார்ந்து, லிஃப்டை மெதுவாக மேலே போகச் சொன்னார், கீழே வரச் சொன்னார், மறுபடி மேலே. ஒரு சுண்ணக்கட்டியால் ரன்வேயின் உள்விளிம்பில் அங்கங்கே கோடு போட்டார். அப்புறம் சொன்னார்: "மகள், இது அசையிற சாமான். அசையிறத இறுக்கிப் பிடிக்க ஏலாது. ஒரு பக்கம் பிடிப்போம், மத்தப் பக்கம் விடுவோம்." அவர் செய்தது இதுதான். ரன்வேயின் உள்பக்கத்தில் எண்ணெய்த் தட்டு வைக்கவென்று ஏற்கெனவே ஒரு விளிம்பு இருக்கிறது, தட்டுகளை அதன்மேல் சில்லுகளில் ஓட விட்டார். ஒரு பக்கச் சில்லுகளுக்கு மட்டும் விளிம்பைக் கவ்விப் போகிற பள்ளம். மறுபக்கச் சில்லுகள் தட்டையானவை, பதினைந்து மில்லிமீற்றர் இங்கும் அங்கும் நழுவ இடம். லிஃப்ட் எப்படி நெளிந்தாலும் தட்டு ஒரு பக்கத்தைப் பின்பற்றிப் போகும், மறுபக்கம் தன்பாட்டில் சரிசெய்துகொள்ளும். அந்தக் கிறீச் சத்தம் அன்றோடு போயிற்று.

அந்த ஐந்து அங்குலத்துக்குள் மூன்று அடுக்கு போகாது என்றதும் அவர் திட்டத்தையே மாற்றினார். பின்தட்டு அசையாது. நடுத்தட்டு இரண்டரை அங்குலம் தாழ்ந்த தண்டவாளத்தில் ஓடிப் பின்தட்டுக்கு அடியில் நுழையும். முன்தட்டுக்குச் சில்லே இல்லை. நடுவில் பிணைச்சல் போட்டு இரண்டாக மடித்துத் தூக்கிச் சுவரில் கொழுவுவதுதான். பார்க்க நேர்த்தி குறைவு. நடுவில் ஒரு படி இறக்கமும் இருக்கிறது. ஆனால் லிஃப்ட் தரையில் முழுதாக இருக்கிறது, முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு திறக்கிறது, இயந்திரமும் காரின் முன்பக்கத்தில்தானே இருக்கிறது. தாழ்ந்த தண்டவாளத்தை ரன்வேயில் ஏற்கெனவே இருந்த ஓட்டைகளில் போல்ட் போட்டே பூட்டினார். வெட்டல், ஒட்டல் எல்லாம் அவருடைய பட்டறையில். என் வீட்டுக்கு வெல்டிங் மெஷின் வரவேயில்லை.

மேலே என்ன போடுவது என்பதில்தான் அதிகம் அலைந்தேன். 3 மில்லிமீற்றர் இரும்பு செக்கர் பிளேட் சதுர மீற்றருக்கு 24 கிலோ அளவில் வரும், தலைக்கு மேல் இருக்கிற தட்டைத் தள்ள என்னால் முடியாது. அலுமினியம் மூன்றில் ஒரு பங்கு பாரம், ஆனால் கடல் உப்புக் காற்றில் இரும்போடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் பொரிந்து வெள்ளைத் தூளாகிவிடும். ஒவ்வொரு போல்டுக்கும் நைலோன் வாஷர், நடுவில் றப்பர் என்று போனால் செலவு கூடும். கடைசியில் 18 மில்லிமீற்றர் மரீன் பிளைவுட், இரும்பு பிளேட்டில் பாதிப் பாரம். வெட்டிய விளிம்புகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ். விளிம்பை விட்டுவிட்டால் கொழும்பு ஈரத்துக்கு அது அப்பளமாகப் பிரியும், கறையானும் அங்கேதான் தொடங்கும். சில்லுகளைப் பழைய சோனகத் தெருவில் கடை கடையாக ஏறிப் பார்த்தேன். இரும்புச் சில்லு மலிவு, பெயரிங் ஒரு வருஷத்தில் துருவேறும். நைலோன் சில்லும் ஸ்டெயின்லஸ் அச்சும் வாங்கினேன். சட்டங்களுக்குக் கல்வனைஸ் பார் போட ஆசைப்பட்டேன். அதை ஒட்டும்போது துத்தநாகம் எரிந்து வருகிற புகை ஆளைக் காய்ச்சலில் போடும், ஒட்டிய இடத்தில் பூச்சும் போய்விடும் என்று நானா மறுத்துவிட்டார். சாதாரண பாரில் ஒட்டி முடித்து, சின்க் பிரைமர் இரண்டு முறை அடித்து, மேலே பெயின்ட் அடித்தார்.

பூட்டுமுள் விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். லிஃப்டைப் பூட்டுகளின் மேல் இருத்தும்போது நாலு மூலையும் ஒரே கணத்தில் அமராது, ஒரு மூலை முந்தும். அந்த ஆட்டத்தில் சில்லுள்ள தட்டு தானாக ஓடப் பார்க்கும். வெறும் தட்டோடு ஏற்றி இறக்கிப் பார்க்கும்போதே நடுத்தட்டு ஒரு முழம் ஓடிப்போய் முட்டி நின்றது. அதில் சூட்கேஸ் இருந்திருந்தால் அது அக்வாவின் கூரையில் கிடந்திருக்கும். இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த பூட்டுமுள் உண்டு, தட்டு சரியான இடத்துக்கு வந்தால் தானாக ஓட்டையில் விழும். முள்ளின் தலைக்குச் சிவப்புப் பெயின்ட். சிவப்பு வெளியே தெரிந்தால் பூட்டவில்லை என்று அர்த்தம். சுற்றிவர மூன்று அங்குல விளிம்பும் வைத்தோம், சாமான் வழுக்கி விழாமலிருக்க.

நானாவுக்கு எல்லாமாக 168,000. சாமான் ஏற்றுவதற்கு முன் சீமெந்துப் பக்கற்றுகளால் சோதித்தோம். ஒன்று 50 கிலோ என்பதால் கணக்குச் சுலபம், பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவரிடம் இரவல். ஒவ்வொரு தட்டிலும் நாலு பக்கற்றை அடுக்கி, முழங்கால் உயரத்தில் முதல் பூட்டில் இருத்தி, ஒரு இரவு விட்டு, காலையில் தொய்வை அளந்து பார்த்தோம். பிறகு அதில் பாதியை, 100 கிலோவை, எல்லை என்று வைத்துத் தட்டின் முகப்பில் பெரிதாக எழுதினோம். எழுதாவிட்டால் வீட்டுக்கு வருகிறவர்கள் லிஃப்டின் காலில் இருக்கிற 3.6 டன்னைத்தான் பார்ப்பார்கள்.

உயரத்துக்கும் சுவரில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கராஜ் கூரை ஒருபக்கச் சரிவு, முன்னால் ரோலர் கதவு சுருளுகிற உருளை வேறு. கதிரைகளை அடுக்கி ஏற்றினால் பின்பக்கம் தாராளமாகப் போகும், முன்பக்கம் உருளையில் இடிக்கும். சாமானை அடுக்கும்போதே அந்தக் கோட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மேலே ஏற்றியதும் நாலு "டக்" கேட்கிறதா என்று எண்ணுவேன். மூன்று கேட்டால் திரும்ப ஒரு முழம் ஏற்றி மறுபடி இருத்துவேன். ஏறுகிற நேரத்தில் தட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது, மகனுக்கும் அவன் சிநேகிதர்களுக்கும் இது மட்டும் வீட்டில் சட்டம். சாவியைப் பொத்தான் பெட்டியில் விடுவதில்லை.

மின்வெட்டைப் பற்றியும் யோசித்து வையுங்கள். பூட்டில் இருக்கிற லிஃப்டை இறக்க வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் உயர்த்தித்தான் பூட்டை விடுவிக்க முடியும், உயர்த்தக் கரண்ட் வேண்டும். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்டதே, அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜெனரேட்டர் எங்கே இருந்தது தெரியுமா? லிஃப்டின் பின்தட்டில், ஆறடி உயரத்தில். விடுமுறையில் வந்த என் கணவர் "அடிக்கடி எடுக்கிறதில்லையே" என்று ஏற்றிவிட்டுப் போயிருந்தார். நாற்பது கிலோவை ஏணியில் நின்று யார் இறக்குவது? அம்மா விசிறி மட்டையோடு கராஜ் வாசலில் நின்று அதை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். இப்போது ஜெனரேட்டர் தரையில், எமர்ஜென்சி லைட்டும் காஸ் சிலிண்டரும் அதன் பக்கத்தில். அவசரத்துக்குத் தேவைப்படுகிற எதுவும் மேலே போவதில்லை. லிஃப்டின் மோட்டாரும் பம்பும் இருக்கிற பவர் பெட்டிகள் சிலவற்றுக்குக் கைப்பம்பு பொருத்தலாம், வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

கரண்ட் பற்றி இன்னொன்று. மோட்டார் இரண்டு குதிரைவலு, சாதாரண வீட்டு இணைப்பிலேயே ஓடும். ஆனால் தொடங்கும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஏசியும் அயன்பொக்ஸும் போட்டிருக்கும்போது அழுத்தினால் பிரேக்கர் விழுந்து லிஃப்ட் பாதியில் நிற்கும். எங்களுக்குத் தனி வயரும் தனி பிரேக்கரும் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை.

கடைசியாகக் கயிறு. புதுக் கயிறு முதல் சில மாதங்களில் கொஞ்சம் நீளும். நாலும் ஒரே அளவில் நீளாது, அதனால் ஒரு மூலை பிந்தித் தட்டுகளும் உரசத் தொடங்கும். கால்களின் உச்சியில் கயிறு முடிகிற இடத்தில் இருக்கிற நட்டைத் திருப்பி அதைச் சமப்படுத்த வேண்டும். நாங்கள் டெக்னீஷியனைக் கூப்பிட்டோம், அரை நாள் வேலை, 9,000 ரூபா எடுத்தார். அப்படியே துணியைச் சுற்றிக் கயிறுகளையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார், நூல் கிளம்பவில்லை. அடுத்த தடவை வருஷ முடிவில் வரச் சொல்லியிருக்கிறேன்.